இதைவிட மோசமாகச் சாப்பிட்டிருக்கிறேன்

ஃபிளீஸ் பப் மறுபடி திறந்த அன்று மாலை, முதல் கிளாஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பெரில் ஹேஸ்லம், "இது குடிக்கிறதுக்கா, இல்ல தரை துடைக்கிறதுக்கா?" என்று கேட்டாள். பீரில் பெயருக்குக்கூட நுரை இல்லை. விளிம்புவரை பழுப்பாகத் தளும்பிக்கொண்டிருந்தது. வட இங்கிலாந்தில், இந்த லங்காஷயரில் பிறந்த எவரும் அப்படி ஒரு பீரைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். தெரியாமல் வாங்கிவிட்டாலும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஊற்றிக் கொடுத்த ஜூலியன், பீர்க் கம்பெனியிடமிருந்து பப்பைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவன், சிரித்து வைத்தான். அவன் தெற்கத்திக்காரன், கென்ட் பக்கம். அந்தப் பக்கத்தில் நுரை என்றாலே ஏமாற்று வேலை, கிளாஸ் நிறையப் பீர் இருப்பதுதான் நியாயம். பம்பின் மூக்கில் மாட்டியிருந்த சின்னத் துளைமூடியைப் பழைய அழுக்குச் சாமான் என்று நினைத்துக் கழற்றிப் போட்டிருந்தான். அது வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தால்தான் பீருக்கு மேலே பாலாடைபோல நுரை கட்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் எதையும் சொல்லித் தர மாட்டார்கள். திட்டுவார்கள், அதிலிருந்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

பீர் மட்டும்தானா? பப்பை மாதக்கணக்கில் இழுத்து மூடி வைத்து, வேலை நடக்கிறது நடக்கிறது என்று பலகை மாட்டி, கடைசியில் சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். அந்த நிறத்தைத்தான் வருஷம் முழுக்க வானத்தில் பார்க்கிறோம். அதை டப்பாவில் வாங்கி உள்ளேயும் பூசிக்கொள்ள ஒருவனுக்கு எப்படி மனசு வந்தது என்று பெரிலுக்கு விளங்கவே இல்லை. பழைய பெஞ்சுகளைக் கொல்லைக் கொட்டகையில் போட்டுவிட்டு, ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் முக்காலிகள் வாங்கிப் போட்டிருந்தான். இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்ட கிளிஃப், முன்னாள் தபால்காரர், ஒன்றில் ஏறி உட்கார்ந்தபின் இறங்கத் தெரியாமல் கடை சாத்தும்வரை அங்கேயே இருந்தார். கழிப்பறைக் கதவுகளில் ஆண் பெண் என்று எழுதாமல் ஆட்டுப் படம் வரைந்திருந்தார்கள். எது கிடா, எது பெட்டை என்று தெரியாமல் பஸ் டிரைவர் டெரிக் தப்பான கதவைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாப்பாடு தட்டில் வரவில்லை. மீன் ஒரு கருங்கல் பலகையில் வந்தது. வீட்டுக் கூரைக்குப் போடுகிற அதே பலகை.

"கூரையப் பிரிச்சு எடுத்துட்டு வந்திருக்கான்," என்றார் டெரிக். "மேல மழ ஒழுகுதான்னு யாராவது பாருங்கய்யா."

வறுத்த உருளைக்கிழங்கு ஒரு குட்டித் தகர வாளியில் வந்தது. பெரில் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, "மண்வெட்டி எங்க தம்பி? கடற்கரைக்குப் போறதா சொல்லவே இல்லையே," என்றாள்.

இரண்டாவது வாய் வைப்பதற்குள் ஜூலியன் மேஜைக்கு வந்து, "எல்லாம் எப்படி இருக்குங்க?" என்று கேட்பான். அது அவன் கெட்ட பழக்கம். மென்று முழுங்கக்கூட நேரம் கொடுக்காமல் கேட்டால் மனுஷர் என்னதான் சொல்வார்கள்?

பெரிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பள்ளிக்கூடச் சமையலறையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் எப்போதோ ஒரு பூக்கடைக்காரியோடு பிளாக்பூலுக்குப் போனான். இருக்கிறானா இல்லையா என்று அவள் விசாரிக்கவில்லை. வீட்டில் அவளோடு சண்டை போட டெலிவிஷன் மட்டும்தான் இருந்தது, அதற்குப் பதில் பேசத் தெரியாது. நாளெல்லாம் பேச ஆளில்லாமல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஃபிளீஸுக்கு வந்து யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் அவளுக்கு உயிர் வரும். பப் மூடியிருந்த அந்த மாதங்களில், கடைக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்கும்போது தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புது ஃபிளீஸில் சாயம் பூசாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சமையற்காரி மார்லீன் பில்லிங்.

மார்லீனும் பெரிலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு ஒரே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தார்கள். அங்கே ஒரு நாள் குழம்பு கட்டி தட்டியதற்கு யார் காரணம் என்று தொடங்கிய வழக்கு இன்றுவரை தீரவில்லை. மார்லீன் கோபித்துக்கொண்டு வேலையை விட்டு ஃபிளீஸுக்கு வந்தாள். பெரில் அவளைத் திட்டுவதற்காகவே ஃபிளீஸில் சாப்பிட ஆரம்பித்தாள். வியாழக்கிழமை என்றால் ஹாட்பாட். ஆட்டுக்கறியின் மேல் உருளைக்கிழங்கு வில்லைகளைக் கூரைபோல அடுக்கி, பெரிய சதுரத் தட்டில் மணிக்கணக்கில் அடுப்பில் விட்டு எடுப்பது. தட்டின் மூலையில் இருக்கிற துண்டு எப்போதும் சற்றுத் தீய்ந்து முறுகிப்போகும். முதல் தடவை அது பெரிலுக்கு வந்தபோது, கரியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று ஊரே கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சமையலறை ஜன்னல் வழியாக மார்லீன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் ஒரு வியாழக்கிழமைகூட மூலைத் துண்டு வேறு யாருக்கும் போனதில்லை.

"ஏய் மார்லீன், இது உருளக்கிழங்கா, செருப்புத் தோலா?"

"உன் வாய்க்கு அது போதும்டி. பல்லு இருந்தா கடி, இல்லன்னா சப்பு."

இதுதான் அவர்கள் பேச்சு. இவ்வளவுதான் பேச்சு. பெரில் இதற்காக ஆறு நாள் காத்திருப்பாள்.

ஜூலியன் நல்லவன். திட்டு வாங்கி வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினான். துளைமூடியைத் தேடி எடுத்துக் கழுவிப் பம்பில் மாட்டினான். கூரைப் பலகைகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டுகள் வாங்கினான். பெஞ்சுகளைக் கொட்டகையிலிருந்து தனியாளாக இழுத்து வந்தான். கிடாவுக்குப் பெரிய கொம்பு வரைந்தான். அந்த வேலைகள் முடிந்த மாலை, பெரில் கிளாஸில் பாதியைக் குடித்தாள். நுரை கிளாஸின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிந்து இறங்குவதைப் பார்த்தாள். மேலுதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இதவிட மோசமா குடிச்சிருக்கேன்," என்றாள்.

டெரிக் திரும்பிப் பார்த்தார். கிளிஃப் காதில் மாட்டியிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டார். சமையலறை ஜன்னலிலிருந்து மார்லீன் தலையை நீட்டி, "என்னடி, உடம்பு சரியில்லையா? டாக்டரக் கூப்பிடவா?" என்றாள். பெரில் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை. அவள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு சொல்லவில்லை.

ஜூலியன் முகத்தில் ஈயாடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் பிழை.

இந்த ஊரில் 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை வெளியூர்க்காரர்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். இனி கால் வைக்கப் போவதில்லை என்று முடிவு செய்த கடையில் 'ரொம்ப நல்லா இருந்துச்சு, நன்றி' என்பார்கள். செத்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். மருமகளின் சமையலைப் பற்றி மருமகளின் அம்மாவிடம் சொல்வார்கள். தன் மனுஷர், தன் இடம் என்று ஆகிவிட்டால் அந்த வார்த்தை வாயில் வராது. 'மோசம்னு சொல்ல முடியாது' என்றால் நாளைக்கும் வருவார்கள் என்று அர்த்தம். 'இதைவிட மோசமாகச் சாப்பிட்டிருக்கிறேன்' என்றால் சாகும்வரை வருவார்கள். தாய்ப்பாலோடு குடித்த பாஷை என்பதால், இது தெரியாத ஒருவன் உலகத்தில் இருப்பான் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

எனவே இடம் பிடிக்கப் பிடிக்கத் திட்டு கூடியது. டெரிக் தினமும் வந்து பீர் சோப்புத் தண்ணீர் என்றார், மூன்று கிளாஸ் குடித்தார். கிளிஃப் பெஞ்சு முதுகை ஒடிக்கிறது என்று முனகிக்கொண்டே அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. பெரில் சாம்பல் சுவரைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பிணம் வைக்கிற அறையில்கூட இதைவிடக் களையாக இருக்கும் என்றாள். ஜூலியன் ஒவ்வொரு மேஜையாகப் போய், "எப்படி இருக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குரல் இறங்கிக்கொண்டே போனது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. வெளியே ஈரப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜூலியன் பாருக்குப் பின்னால் நின்று கரண்டியால் கிளாஸைத் தட்டினான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நான் கிளம்பறேன். திங்கட்கிழமை பீர்க் கம்பெனில இருந்து வந்து சாவிய வாங்கிக்குவாங்க. அவங்க வேற ஆள் வைக்கப் போறதில்ல, கட்டடத்த வீடா மாத்தி வித்துருவாங்க போல. என்னால முடிஞ்சதச் செஞ்சு பாத்தேன். உங்களுக்குப் புடிக்கிற மாதிரி பண்ண எனக்குத் தெரியல. மன்னிச்சிருங்க."

டெரிக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு புடிக்கலன்னு சொன்னது?"

"நீங்கதான் சார்," என்றான் ஜூலியன். குரலில் கோபம் இல்லை. "நேத்துக்கூட சோப்புத் தண்ணின்னு சொன்னீங்க. கிளிஃப் சார் முதுகு ஒடியுதுன்னார். மிஸஸ் ஹேஸ்லம் பிணவறைன்னாங்க. இதவிட மோசமா குடிச்சிருக்கேன்னும் சொன்னாங்க. அத நெனச்சு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல."

பெரில் கிளாஸைத் தள்ளி வைத்தாள். "அட மக்குத் தம்பி," என்றாள். "அது பாராட்டுடா. அதுக்கு மேல எங்ககிட்ட பாராட்டே கெடையாது."

ஜூலியன் அன்பாகச் சிரித்தான். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. ரொம்ப நன்றிங்க." பீப்பாய் மாற்ற வேண்டும் என்று சொல்லி நிலவறைக்கு இறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மூவரும் கூடிப் பேசினார்கள். தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அவன் பாஷையில் நேராகச் சொல்வதைத் தவிர வழியில்லை என்றாள் பெரில். நல்லா இருக்கு. இரண்டே வார்த்தை. செத்தா போய்விடுவோம்? டெரிக் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிப் பார்த்தார்.

ஜூலியன் மேலே வந்தான். டெரிக் எழுந்து நின்றார். காது சிவந்துவிட்டது.

"ஜூலியன். உன் பீரு..." எச்சில் விழுங்கினார். "உன் பீரு ஈரமா இருக்கு." உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்," என்று தலையில் அடித்துக்கொண்டார் கிளிஃப். பிறகு அவரே தொண்டையைச் செருமி, "பெஞ்சு... உக்காந்தா கீழ விழுகறதில்ல," என்றார். அதற்கே வியர்த்துவிட்டது.

ஜூலியன் தலையாட்டிவிட்டுக் கிளாஸ் துடைக்கப் போனான். மற்ற இருவரும் பெரிலைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மார்லீன் வந்து ஹாட்பாட்டை வைத்தாள். மூலைத் துண்டு, ஓரமெல்லாம் கறுத்து முறுகி, பக்கத்தில் ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். "கரி ரெடி. சாப்ட்டுட்டு ஒப்பாரி வையி," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. சமையலறை ஜன்னல் திறந்தே கிடந்தது.

பெரில் எழுந்தாள்.

"ஜூலியன், இங்க பாரு. உன் பீரு நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இந்த எடம் நல்லா இருக்கு. சாம்பக் கலருகூட பழகிருச்சு. நீ நல்ல ஆளு. போகாத."

ஜூலியன் துணியைக் கீழே வைத்தான். அவன் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"நெஜமா."

"அப்ப சாப்பாடு? நீங்க அதிகமாத் திட்டறது அதத்தானே. மார்லீன் கையில சாப்ட நீங்க இவ்ளோ கஷ்டப்படறத பாக்கும்போதெல்லாம், அவங்கள வேலைக்கு வெச்சிருந்தது என் தப்போன்னு நெனச்சுக்குவேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. மார்லீனின் வெள்ளைத் தொப்பி அசையாமல் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொன்னால் மார்லீனுக்கு அது என்னவாகக் கேட்கும் என்பது பெரிலுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை சாவி போய்விடும். அப்புறம் வீடு, டெலிவிஷன், மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற நாக்கு. மார்லீனுக்குப் புரியும், புரியாமலா போகும், இத்தனை காலத்துப் பழக்கமாயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஹாட்பாட்டு ரொம்ப ருசியா இருக்கு," என்றாள் பெரில், வார்த்தை வார்த்தையாக. "எப்பவுமே நல்லாத்தான் இருக்கும். மார்லீன் ரொம்ப நல்லா சமைக்கிறா."

ஜூலியனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபோனை எடுத்தான். கம்பெனிக்காரனிடம் இப்போதே பேசுகிறேன் என்று வாசல் பக்கம் போனான். டெரிக் பெரிலின் தோளைத் தட்டப் போனவர், சமையலறைக் கதவு திறந்ததைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

மார்லீன் கோட்டு மாட்டியிருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள்.

"ருசியா இருக்கா?" என்றாள்.

"மார்லீன், உள்ள போ. அப்புறம் சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட, இப்ப எனக்கு மட்டும் அப்புறமா? புடிக்கலன்னா வராம இருந்திருக்கலாமே பெரில். வழில போற வெளியூர்க்காரிகிட்ட சொல்ற மாதிரி, நல்லா சமைக்கிறான்னு... எங்கிட்டயே..."

"அவனுக்காகச் சொன்னேன்டி. அவன் காதுக்கு அப்பிடிச் சொன்னாத்தான் ஏறும்."

"அப்ப பொய்யி."

பெரில் வாயைத் திறந்தாள். வாசலில் ஜூலியன் ஃபோனைக் காதில் வைத்தபடியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்றால் அவன் போய்விடுவான். பொய்யில்லை என்றால் இவள் போய்விடுவாள். இத்தனை வருஷமாக யார் எது சொன்னாலும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்த நாக்கு, வேண்டிய நேரத்தில் வாயில் கல்லாகக் கிடந்தது.

"பொய் இல்ல," என்றாள் கடைசியில்.

மார்லீன் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். தலையை ஒருமுறை ஆட்டினாள். பின்கதவு வழியாகப் பனியில் இறங்கிப் போனாள்.

மறுநாள் மார்லீன் வேலைக்கு வந்துவிட்டாள். ஜூலியன் கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டான், ஃபிளீஸ் பிழைத்தது. டெரிக் ஒரு மாலை முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் திட்டுக்கு என்ன அர்த்தம் என்று பாடம் நடத்தினார். பையன் கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான். சோப்புத் தண்ணீர் என்றால் இப்போது அவனுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வியாழக்கிழமை பெரில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மார்லீன் தட்டைக் கொண்டுவந்தாள். மேஜைத் துணியின் மடிப்பை நீவிவிட்டு, முள்கரண்டியை நேராக்கி, தட்டை மெதுவாக வைத்தாள். நடுத்துண்டு. பொன்னிறமாக, ஒரு கரும்புள்ளி இல்லாமல்.

"சாப்பிடுங்க மிஸஸ் ஹேஸ்லம். தட்டு சூடா இருக்கு, பாத்து."

நீங்க. பெரில் நிமிர்ந்து பார்த்தாள். மார்லீன் முகத்தில் கோபம் என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வருகிற அதிகாரிகளைப் பார்த்து முன்பு இருவரும் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அதே சிரிப்பு.

ஒரு வாய் எடுத்துப் போட்டாள் பெரில். அறை முழுக்கக் கேட்கிற குரலில், "ஏய் மார்லீன், இது உருளக்கிழங்கா, நனைஞ்ச காலுறையா? கறிய எந்தக் குதிரகிட்டடி வாங்கின?" என்றாள். அவள் கெஞ்சுகிறாள் என்பது டெரிக்குக்குப் புரிந்தது, கிளிஃபுக்கும் புரிந்தது.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் மார்லீன். "மாத்திக் கொண்டுவரேன்."

தட்டை எடுத்துப்போய் வேறு தட்டு கொண்டுவந்தாள். அதுவும் நடுத்துண்டு.

"மூலத் துண்டு இல்லையா?" என்றாள் பெரில், மெல்ல.

"கரிஞ்சத வாடிக்கையாளருக்கு வெக்கறதில்லைங்க. வேற ஏதாவது வேணுமா?"

வேண்டாம் என்று பெரில் தலையாட்டினாள். சமையலறை ஜன்னல் சாத்திக்கொண்டது. ஹாட்பாட்டில் கறி பஞ்சாக வெந்திருந்தது. உப்பு, மிளகு, எல்லாம் அளவாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஜூலியன் தோளில் துணியோடு வந்து நின்றான். "எப்படி இருக்கு?" என்றான், பாஷை தெரிந்தவனின் துணிச்சலோடு.

"இதவிட மோசமா சாப்ட்டிருக்கேன்," என்றாள் பெரில்.

அவன் பூரித்துப்போய் அடுத்த மேஜைக்குப் போனான். பெரில் முள்கரண்டியைக் கையில் எடுத்தாள். அவள் சொன்னது பொய். இதைவிட மோசமாக அவள் எங்கேயும் சாப்பிட்டதில்லை.